கட்டடத்துக்குள் பேஜர் அமைப்பு: பிரிட்டனில் உரிமம் யார் பெயரில் இருக்க வேண்டும்?

பிரிட்டனில் முதியோர் பராமரிப்பு இல்லமோ கிடங்கோ தொழிற்சாலையோ நடத்துகிறவர்கள் பேஜர் அமைப்பு வாங்கப் போனால் வழக்கமாகக் கேட்பவை இரண்டு: எத்தனை பேஜர் தருவீர்கள், மொத்தம் எவ்வளவு ஆகும்? சுவரில் மாட்டப்போகும், பேஜர்களுக்குச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை இயக்கும் உரிமம் யார் பெயரில் இருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. விற்பவரும் தானாகச் சொல்லமாட்டார். பிறகு சிக்கல் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் டிரான்ஸ்மிட்டரை இயக்குகிறவர்தான். ஆகவே விலைப் பேச்சுக்கு முன் இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

அடிப்படை எளிது. 2006-ஆம் ஆண்டின் வயர்லெஸ் டெலிகிராஃபி சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி, ரேடியோ அலை அனுப்பும் எந்தக் கருவியையும் உரிமம் இல்லாமல் நிறுவுவதும் இயக்குவதும் குற்றம். விதிவிலக்கு பெற்ற கருவிகளுக்கு மட்டும் உரிமம் வேண்டாம். நிறுவுவதும் குற்றம் என்பதைக் கவனிக்க வேண்டும். வழக்கு மேல்நிலை நீதிமன்றம் வரை போய்க் குற்றம் உறுதியானால் 2 ஆண்டுகள் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கலாம். கருவியைப் பறிமுதல் செய்யவும் வழியுண்டு. உரிமம் வழங்குவதும் கண்காணிப்பதும் ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பின் வேலை. ஊழியர் இடுப்பில் செருகிக்கொள்ளும் பேஜர், செய்தியை வாங்க மட்டுமே செய்கிற சாதாரண வகை என்றால், அதற்கு உரிமம் தேவையில்லை. ஐம்பது பேஜர் இருந்தாலும் சட்டம் பார்ப்பது அவற்றை அழைக்கும் அந்த ஒரு டிரான்ஸ்மிட்டரைத்தான்.

எந்த உரிமம்?

ஆஃப்காமின் பிசினஸ் ரேடியோ பிரிவில் பல வகை உரிமங்கள் உண்டு. ஒரே வளாகத்துக்குள் இயங்கும் பேஜருக்குப் பெரும்பாலும் பொருந்துவது ‘சிம்பிள் சைட்’ உரிமம். கட்டணம் 75 பவுண்டு. அது 5 ஆண்டுகளுக்கு. மாதக் கணக்கில் பார்த்தால் ஒன்றேகால் பவுண்டு. இவ்வளவு மலிவான ஒன்றை வாங்காமல் விட்டுவிட்டு மாட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. கட்டணம் ஓர் இடத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. ஹாரோவில் ஓர் இல்லமும் க்ராய்டனில் ஓர் இல்லமும் நடத்தினால் இரண்டு உரிமம் வேண்டும்.

இதே 75 பவுண்டுக்கு ‘சிம்பிள் யூகே’ என்ற உரிமமும் கிடைக்கிறது. பெயரைப் பார்த்து அதை வாங்கிவிடக் கூடாது. அது நிலையான அடித்தளக் கருவி இல்லாமல், கையடக்க வாக்கி-டாக்கிகளை நாட்டில் எங்கும் எடுத்துச் சென்று பேசுகிறவர்களுக்கானது. சுவரில் மாட்டிய பேஜர் டிரான்ஸ்மிட்டருக்கு அது செல்லாது.

சிம்பிள் சைட் உரிமம் மின்திறனுக்கும் ஆன்டெனா உயரத்துக்கும் உச்சவரம்பு வைக்கிறது. பரந்த பல்கலைக்கழக வளாகம், உயர்ந்த மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஆன்டெனா என்று வரும்போது அந்த வரம்பு போதாமல் போகலாம். அப்போது ‘டெக்னிக்கலி அசைன்டு’ உரிமத்துக்குப் போக வேண்டும். அதில் ஆஃப்காமே கணக்குப் போட்டு, அந்த இடத்துக்கு உகந்த அலைவரிசையை ஒதுக்கித் தருகிறது. அலைவரிசையையும் பரப்பையும் பொறுத்துக் கட்டணம் ஆண்டுதோறும் கட்ட வேண்டும்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. ஏமாற்றம் நேர்வது இதில்தான். கருவி விற்பவர்களும் வாடகைக்கு விடுகிறவர்களும் ‘சப்ளையர்ஸ் லைட்’ உரிமம் வைத்திருப்பார்கள். சோதித்துப் பார்க்கவும், வாடிக்கையாளருக்கு இயக்கிக் காட்டவும், குறுகிய காலம் வாடகைக்கு விடவும் அது உதவும். “எங்கள் உரிமத்திலேயே உங்களுக்கும் சேர்ந்துவிடும்” என்று ஒருவர் சொன்னால், எதை நினைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். இரண்டு வாரத் திருவிழாவுக்கு வாடகைக்கு எடுத்தால் அவர் சொல்வது சரி. நீங்கள் விலைகொடுத்து வாங்கி ஆண்டுக்கணக்கில் இயக்கப்போகும் அமைப்புக்கு அவருடைய உரிமம் நிழல் தராது. உங்கள் பெயரில், உங்கள் நிறுவனத்தின் பெயரில் தனி உரிமம் இருக்க வேண்டும். விற்பவர் உங்கள் சார்பில் விண்ணப்பிக்கலாம். ஆனால் வந்த உரிமத்தாளில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

75 பவுண்டுக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்காது

சிம்பிள் சைட் உரிமம் தருவது அனுப்பும் உரிமை மட்டும். அதன் அலைவரிசைகள் பலருக்கும் பொது. அடுத்த தெரு மருத்துவமனையோ எதிர்ப்புறத்துச் சூப்பர் மார்க்கெட்டோ அதே அலைவரிசையில் இருக்கலாம். அவர்களுக்கும் உங்களுக்கு உள்ள உரிமையே உண்டு. உங்கள் செய்தியும் அவர்களுடையதும் ஒரே நொடியில் மோதி இரண்டும் கெட்டால், “எனக்கு உரிமம் இருக்கிறதே” என்று முறையிட்டுப் பயனில்லை. பிறருடைய இடையூறிலிருந்து பாதுகாப்பு வேண்டுமென்றால் கூடுதல் பணம் கொடுத்து, ஒதுக்கீடு செய்த அலைவரிசைக்குத்தான் போக வேண்டும்.

ஆகவே நல்ல நிறுவுநர் முதலில் செய்ய வேண்டியது, உங்கள் வளாகத்தில் சில நாட்கள் அலைவரிசைகளைக் கேட்டுப் பார்ப்பது. எது நெரிசல், எது காலி என்று தெரிந்த பிறகுதான் கருவியை அந்த எண்ணுக்கு அமைக்க வேண்டும். பெட்டியில் வந்தபடியே மாட்டிவிட்டுப் போகிறவரை நம்ப வேண்டாம்.

வளாகப் பேஜருக்கு இங்கே நெடுங்காலமாகப் புழங்கும் பட்டைகளில் முக்கியமானவை 49 மெகாஹெர்ட்ஸ் பகுதியும் 459 மெகாஹெர்ட்ஸ் பகுதியும். மருத்துவமனைகளுக்கென்று 31 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலும் ஓர் இடம் உண்டு. இவற்றுக்குள் வேறுபாடு பெரிது. 49 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 6 மீட்டர். அதில் கால் பங்கு நீளமுள்ள ‘கால் அலை’ ஆன்டெனாவே ஒன்றரை மீட்டர் வரும். மின்விளக்குகள், மோட்டார்கள், மலிவான மின்மாற்றிகள் கிளப்பும் இரைச்சலும் அங்கே அதிகம். 459-இல் அலை நீளம் 65 சென்டிமீட்டர். கால் அலை ஆன்டெனா ஒரு பேனா அளவுதான். சன்னல், தாழ்வாரம் வழியாக இந்த அலை எளிதாகப் புகுந்து செல்லும். புதிதாக அமைப்பவர்களுக்கு என் பரிந்துரை 459. பழைய 49 அமைப்பு நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அதைப் பிடுங்கவும் அவசியமில்லை.

உரிமமே வேண்டாத வகை

உணவகத்தில் மேசை காலியானதும் அதிர்ந்து ஒளிரும் வட்டத் தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் சில உரிம விலக்குப் பட்டைகளில் இயங்குகின்றன. 433 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 10 மில்லிவாட் வரை, 869.4 முதல் 869.65 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் 500 மில்லிவாட் வரை, அதுவும் மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் அலை அனுப்பினால், உரிமம் தேவையில்லை. ஒரு மாடி உணவகத்துக்கு இது போதும். மூன்று மாடிப் பராமரிப்பு இல்லத்துக்கு 10 மில்லிவாட்டை நம்புவது சரியல்ல.

இணையத்தில் “உரிமம் தேவையில்லை” என்று எழுதி விற்கும் கருவிகளில் அந்த வாசகம் எந்த நாட்டைப் பற்றியது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் யாரும் இயக்கலாம் என்று விட்டிருக்கும் அலைவரிசை இங்கே வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கலாம். அலைவரிசை எண்ணையும் மின்திறனையும் எழுத்தில் தராத கருவியை வாங்கவே வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் ரேடியோ கருவி விதிகளின்படி கருவியில் விதிகளுக்கு இணங்கியதைக் காட்டும் யூகேசிஏ அல்லது சிஇ குறி இருக்க வேண்டும். இணக்க அறிவிப்பும் கிடைக்க வேண்டும். பேஜர் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரத்தின் எண் இஎன் 300 224. அது அறிவிப்பில் இருந்தால் நல்ல அறிகுறி. பழைய கருவி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது முந்தைய உரிமையாளரின் அலைவரிசையிலேயே அமைந்திருக்கும். மாற்றி அமைக்காமல் மின்சாரம் கொடுத்தாலே விதிமீறலாகிவிடலாம்.

விண்ணப்பமும் நிறுவலும்

விண்ணப்பம் ஆஃப்காமின் இணையவழி உரிமச் சேவையில். நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, தொடர்பு விவரம், ஆன்டெனா இருக்கும் இடத்தின் தேசியக் கட்ட எண் (பிரிட்டன் வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் எண்) ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தொடர்பு மின்னஞ்சலாக மேலாளரின் தனி முகவரியைக் கொடுக்காதீர்கள். அவர் வேலையை விட்டுப் போன பிறகு, ஐந்து ஆண்டு கழித்து வரும் கட்டண நினைவூட்டல் யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும். உரிமம் போய்விட்டது தெரியாமலே டிரான்ஸ்மிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

மின்காந்தப் புலம் குறித்த கேள்வி வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. 2021 முதல் ஆஃப்காம் உரிமங்களில் பொதுமக்கள் மீது படும் கதிர்வீச்சு சர்வதேச வரம்புக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்திருக்கிறது. அது 10 வாட் ஈஐஆர்பி (ஆன்டெனா அலையை ஒருமுகப்படுத்துவதையும் சேர்த்துக் கணக்கிடும் மின்திறன்) அளவுக்கு மேல் அனுப்பும் கருவிகளுக்கு. வளாகப் பேஜர் டிரான்ஸ்மிட்டர்கள் பொதுவாக அதற்குக் கீழேதான்.

ஆன்டெனாவைக் கட்டடத்துக்கு வெளியே வைப்பதானால் கட்டட உரிமையாளரின் சம்மதம் வேண்டும். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடமானால் உள்ளாட்சி மன்றத்தையும் கேட்க வேண்டும். 2000-க்கு முன் கட்டிய கட்டடத்தில் கேபிளுக்குத் துளையிடும் முன் ஆஸ்பெஸ்டாஸ் பதிவேட்டைப் பாருங்கள். ரேடியோ உரிமம் இதற்கெல்லாம் ஈடாகாது.

நிறுவிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. வளாகப் பேஜர்களில் பரவலாக உள்ள, போக்சாக் என்ற செய்தி அனுப்பும் முறை ஒருவழிப் போக்குவரத்து. செய்தி போனது என்று டிரான்ஸ்மிட்டருக்குத் தெரியும். போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. எனவே நிலவறை, லிஃப்ட், சமையலறைக் குளிர் அறை, ஈயத்தகடு பதித்த எக்ஸ்ரே அறை என்று ஒவ்வோர் இடமாகப் பேஜரை எடுத்துக்கொண்டு நடந்து பார்க்க வேண்டும். கையில் பிடித்தபடி நடந்தால் போதாது. ஊழியர் அணிவது போல இடுப்பில் செருகிக்கொண்டு நடங்கள், மனித உடலும் அலையை விழுங்கும். எட்டாத இடங்களை வரைபடத்தில் குறித்து, நிறுவுநரிடம் கையெழுத்து வாங்குங்கள். அழைப்பு மணிப் பலகையோடு பேஜர் அமைப்பை இணைக்க எஸ்பா 4.4.4 என்ற பழைய நெறிமுறை இன்னும் பரவலாகப் பயன்படுகிறது. உங்கள் பலகை அதை ஏற்குமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் இதயம் நின்றவருக்கு உதவி கேட்க 2222 என்ற எண்ணை அழைத்ததும் அந்தக் குழுவின் பேஜர்கள் ஒலிக்கும். பல மருத்துவமனைகள் நாள்தோறும் அதைச் சோதனையாக ஒலிக்கவிட்டுப் பதில் கேட்கின்றன. பதினைந்து படுக்கை இல்லத்துக்கும் அந்தப் பழக்கம் பொருந்தும்.

செய்தியில் எதை எழுதலாம்?

போக்சாக் செய்திகளில் மறையாக்கம் கிடையாது. மலிவான யுஎஸ்பி ரேடியோவும் இலவச மென்பொருளும் இருந்தால் வெளியே காரில் உட்கார்ந்தபடியே வாசித்துவிடலாம். அப்படி வாசிப்பது அதே 2006 சட்டத்தின் 48-ஆம் பிரிவின்கீழ் குற்றம்தான். ஆனால் குற்றம் செய்கிறவன் விண்ணப்பித்துவிட்டு வரமாட்டான். தனிநபர் தரவைக் காக்கும் பொறுப்பு யூகே ஜிடிபிஆர் சட்டப்படி உங்களுடையது. “12-ஆம் அறை, உதவி” என்று அனுப்புங்கள். முதியவரின் பெயரும் நோயும் அலையில் போக வேண்டிய தேவை எதுவும் இல்லை.

காது கேளாத ஊழியருக்கோ குடியிருப்பாளருக்கோ தீ எச்சரிக்கையை அதிரும் பேஜர் வழியாகத் தருவது நல்ல ஏற்பாடு. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் கேட்கும் நியாயமான வசதிகளில் ஒன்றாக அது அமையும். தீ எச்சரிக்கை பற்றிய பிஎஸ் 5839 தரத்தின் முதல் பகுதியும் இதைப் பேசுகிறது. இங்கே மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். பொது அலைவரிசையில் மோதி ஒரு தேநீர் அழைப்பு தொலைந்தால் பரவாயில்லை. தீ அழைப்பு தொலையக் கூடாது. தீ எச்சரிக்கை நிபுணரும் ரேடியோ நிறுவுநரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வடிவமைக்க வேண்டிய பகுதி இது.

“பேஜருக்குத்தான் தடை வந்துவிட்டதே” என்று சிலர் கேட்பதுண்டு. 2019 பிப்ரவரியில் அன்றைய சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக், தேசிய சுகாதாரச் சேவை 2021 இறுதிக்குள் பேஜரைக் கைவிட வேண்டும் என்று அறிவித்தார். அப்போது அந்தச் சேவையில் ஏறத்தாழ 1,30,000 பேஜர்கள் இருந்தன. வைஃபை படுத்துவிடும் அவசர நேரங்களுக்குச் சில பேஜர்களை வைத்துக்கொள்ளலாம் என்று அந்த அறிவிப்பே இடம் விட்டது. தனியார் இல்லங்களையோ தொழிற்சாலைகளையோ அது தொடவே இல்லை. ரேடியோ உரிம விதியும் அதனால் மாறவில்லை. 1956-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் வந்த இந்தத் தொழில்நுட்பத்தை அறிவிப்பால் அவ்வளவு எளிதாக அகற்ற முடியவில்லை.

இல்லத்தை விற்கும்போதோ இடம் மாறும்போதோ உரிமம் தானாகப் பின்தொடராது. வாங்குகிறவர் தன் பெயரில் உரிமம் பெறும் வரை டிரான்ஸ்மிட்டரை நிறுத்தி வைக்க வேண்டும் என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அமைப்பை ஒரேயடியாகக் கழற்றுகிறீர்கள் என்றால், முதலில் டிரான்ஸ்மிட்டரின் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பிறகு ஆஃப்காமிடம் உரிமத்தை ஒப்படைத்துவிடலாம்.