இசைத்தட்டை விற்பதற்கு முன் ஒரு நிமிஷம்

பழைய ஒலிப்பதிவுகளை டிஜிட்டலாக்கித் தருவதுதான் என் வேலை. ஒருவர் இருநூறு கோப்புகளோடு வந்தார். எல்லாமே வீட்டில் அவரே பதிவு செய்தவை, தட்டுகளை அப்போதே விற்றுவிட்டார். போட்டுக் கேட்டால் கீறல் சத்தம் துளிகூட இல்லை, ஆனால் பாடுகிறவர் தண்ணீருக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. இரைச்சல் நீக்கும் மென்பொருளை முழு அளவில் ஓடவிட்டு, அதை மட்டும் சேமித்திருக்கிறார். அசல் பதிவு எங்கே என்று கேட்டேன். இடம் போதவில்லை என்று அழித்துவிட்டாராம்!

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: தட்டிலிருந்து வந்த பதிவை அப்படியே, கீறல் சத்தம், பட்பட் சத்தம் எல்லாவற்றோடும், 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸில் வைத்திருங்கள். ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபி போலப் பிடிக்கும், ஃபிளாக்காக (ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் கோப்பு வடிவம்) மாற்றினால் பாதியை ஒட்டிக் குறையும். சுத்தம் செய்வதெல்லாம் நகலில்தான். எம்பி3-யும் கேட்பதற்கான நகல்தான்.

அடுத்தது நேரம். ஒரு எல்.பி.யின் (நீண்ட நேரம் ஓடும் பெரிய வினைல் தட்டு) இரண்டு பக்கமும் ஓடி முடிய சுமார் 40 நிமிஷம் ஆகும், அதை அவசரப்படுத்த வழியில்லை. 500 தட்டு என்றால் ஓடுவதற்கு மட்டுமே 330 மணி நேரத்துக்கு மேல், கழுவுவது, பாட்டு பாட்டாக வெட்டுவது, பெயர் போடுவது எல்லாம் தனிக் கணக்கு. ஏற்கெனவே டிஜிட்டலாக நல்ல தரத்தில் வெளிவந்துவிட்டதை விட்டுவிடுங்கள், வேறெங்கும் கிடைக்காததை முதலில் எடுங்கள்.

அதிலும் முதலிடம் லாக்கர் தட்டுகளுக்கு. நேரடியாக வெட்டிய ஒற்றைப் பிரதிகள் அவை, பெரும்பாலும் அலுமினியத் தகட்டின் மேல் பூச்சு. அந்தப் பூச்சு சுருங்கி உரிய ஆரம்பித்துவிட்டால் ஊசியே வைக்க முடியாது, அவற்றை நீங்களே கழுவவும் முயலாதீர்கள்.

78 வேகத் தட்டுகள் (நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள்) பெரும்பாலும் ஷெல்லாக், அதாவது அரக்கு கலந்தவை. ஆல்கஹால் பட்டால் கரையும், வினைலுக்கு வாங்கிய திரவத்தை யோசிக்காமல் ஊற்றுகிறவர்கள் கவனிக்கவும். ஊசியும் வேறு. எல்.பி. ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான், 78-க்கு அதைப்போல நான்கு மடங்கு வேண்டும், இல்லாவிட்டால் பள்ளத்தின் அடியிலுள்ள அழுக்கில்தான் உரசிக்கொண்டு போகும்.

ப்ரீஆம்ப் விஷயத்தில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். தட்டு வெட்டும்போதே கீழ்ச்சுருதியைக் குறைத்து மேல்சுருதியை ஏற்றிவிடுவார்கள். 1950-களின் நடுவிலிருந்து இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பொதுவாக ஆர்ஐஏஏ என்ற ஒரே அளவுதான் (‘வளைவு’ என்பார்கள்), அதைத் திருப்பிச் சமன் செய்வது போனோ ப்ரீஆம்ப். அது இல்லாமல் பதிவு செய்தால் ஒலி தகர டப்பா. டர்ன்டேபிளுக்குள்ளேயே ஒன்று இருப்பது தெரியாமல் வெளியே இன்னொன்றைச் சேர்த்தால் கீழ்ச்சுருதி மட்டும் ஒரேயடியாகக் குமுறும். பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

பதிவு லெவலை, தட்டில் அதிகச் சத்தம் வரும் இடத்தைப் போட்டுப் பார்த்து, மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் வையுங்கள். சத்தத்தின் உச்சி பதிவில் வெட்டுப்பட்டுவிட்டால் மறுபடி ஓட்டுவதைத் தவிர வழியில்லை.

அப்புறம், ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஊசி நுனியைப் பாருங்கள். பஞ்சு மாதிரி ஒரு உருண்டை ஒட்டியிருந்தால் அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டு மங்கலாகத்தான் பதிவாகியிருக்கும். தூரிகையால் பின்னிருந்து முன்னாக ஒரு தடவை தடவி, திரும்ப ஓட்டுங்கள்.