காப்பித் தோட்டமளவு நாடு

ஏற்காட்டில் அத்தை வீட்டுத் திண்ணையில் சிக்னல் ஒரு கோடுதான் வரும். "போப்பாண்டவர் இருக்கற ஊரக் காட்டு கண்ணு" என்றார். ஃபோனில் வாடிகனைத் தேடினேன். முதலில் எல்லாம் கலங்கல். பிறகு ஓர் ஓரத்தில் ஒரு சதுரம் மட்டும் பளிச்சென்று தெளிந்தது. சற்றுக் கழித்து அதன் பக்கத்துச் சதுரம். சிக்னல் நன்றாக இருந்தால் இது கண்ணில் படவே படாது.

இணைய வரைபடம் என்பது இந்தச் சதுரங்களின் அடுக்குதான். தொடக்கப் படியில் உலகம் முழுவதும் 256-க்கு 256 புள்ளிகள் கொண்ட ஒரே சதுரம். ஒரு படி நெருங்கினால் அது நான்காகப் பிரியும், அடுத்ததில் 16. இப்படியே போனால் 17-ஆம் படியில் 1,700 கோடிக்கும் மேல். ஃபோன் அத்தனையையும் கேட்பதில்லை. எந்தப் படி, எந்த வரிசை, எத்தனையாவது சதுரம் என்று எண் சொல்லி, திரையில் விழுவதை மட்டும் வாங்குகிறது. அது வந்து சேரும்வரை முந்தைய படியின் படத்தையே இழுத்துப் பெரிதாக்கி வைத்திருக்கும். நாங்கள் பார்த்த கலங்கல் அதுதான்.

அந்த 17-ஆம் படியில் வாடிகன் நாடு முழுவதும் சுமார் 30 சதுரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. மொத்தமே 44 ஹெக்டேர், அதாவது 109 ஏக்கர்.

"இம்புட்டுதானா? எங்க எஸ்டேட்டுல பாதிகூட இருக்காதே!"

அத்தை சொன்னது சரி. வரைபடம் வாடிகனைப் பெரிதாக்கிக் காட்டியும் அவருக்கு அப்படித் தோன்றியதுதான் எனக்கு வியப்பு. உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்க இந்த வரைபடங்கள் பலவும் பின்பற்றுவது, 1569-இல் மெர்கேட்டர் என்ற வரைபட வல்லுநர் கடலோடிகளுக்காக வகுத்த முறையை. அதில் திசையும் தெருமுனைக் கோணமும் பிசகாது. ஆனால் நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக நிலம் இழுபட்டுப் பெரிதாகும். 17-ஆம் படியில், ஏற்காட்டில் ஒரு சதுரத்தின் பக்கம் தரையில் ஏறத்தாழ 300 மீட்டர். அதே படியில், வாடிகனில் 228 மீட்டர்தான். திரையில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிந்தால், ஏற்காட்டு நிலமே பரப்பில் 1.7 மடங்கு பெரியது. சின்ன நாடுகளை இப்படிச் சுற்றிப் பார்ப்பவர்கள் கண்ணளவை நம்பாமல், வரைபடத்திலுள்ள அளவுகோல் கருவியால் ஒருமுறை அளந்துவிடுவது நல்லது.

வாடிகனின் புனித பேதுரு சதுக்கத்தின் நடுவே எகிப்திலிருந்து வந்த ஒற்றைக்கல் தூண் நிற்கிறது. 1586-இல் அங்கே நிறுத்தியது. உயரம் 25.5 மீட்டர். நேர் மேலிருந்து எடுத்த படத்தில் அது வெறும் புள்ளி. தரையில் நீளும் நிழல்தான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. படம் எடுத்த நேரத்தில் சூரியன் இருந்த கோணம் தெரிந்தால், அந்த நிழலை வைத்தே உயரத்தைக் கணக்கிடலாம்.

"சரி, நம்ம வீட்டக் காட்டு."

ஏரியிலிருந்து பாதையைப் பிடித்து நகர்த்திக்கொண்டே வந்தேன். சில்வர் ஓக் மரங்களின் உச்சிகள் பச்சைப் புள்ளிகளாக நெருக்கியடித்து நின்றன. அவற்றின் நிழலில் வளரும் காப்பிச்செடி ஒன்றுகூடத் தெரியவில்லை. மரங்களுக்கு நடுவே ஓட்டுக்கூரையின் ஒரு முனை மட்டும் சிவப்பாக எட்டிப் பார்த்தது. அத்தை அதன்மேல் விரலை வைத்தார்.