தொலைநோக்கி இலக்கைத் தவறவிடும்போது பிழையை எங்கே தேடுவது?

கணினியில் ஒரு விண்மீனைத் தேர்ந்தெடுத்து ஆணையிட்டால் தொலைநோக்கி அதன் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறது; கோளாறு மென்பொருளிலா, இயந்திரத்திலா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரே ஒரு விண்மீனில் அளந்த பிழையை வைத்து இதற்கு விடை சொல்ல இயலாது. வானமெங்கும் பரவலாகப் பல விண்மீன்களில் அளந்து, பிழை இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்று பார்த்தால், ஒவ்வொரு கோளாறும் தனக்கே உரிய வடிவத்தைப் பதித்திருப்பது தெரியும்.

முதலில் மென்பொருளுக்குக் கொடுத்த தகவல்களைச் சரிபார்த்துவிட வேண்டும். புவி சுழல்வதால் வான நடுவரையில் (புவி நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் செல்லும் வட்டத்தில்) உள்ள விண்மீன் நொடிக்கு 15 விகலை நகர்கிறது (ஒரு பாகை 60 கலை, ஒரு கலை 60 விகலை). ஆகவே கடிகாரம் 4 நிமிடம் பிசகினால் தொலைநோக்கி ஒரு பாகை தள்ளி நிற்கும். தீர்க்கரேகையின் கிழக்கு மேற்குக் குறி மாறினாலோ நேர மண்டலம் தவறினாலோ பிழை பெரும்பாலும் பல பாகைகளுக்குப் போய்விடும் என்பதால் அவை எளிதில் அகப்பட்டுவிடும். அயன சலனம், அதாவது புவியின் அச்சு மெதுவாகத் திசை மாறுவது, அப்படியன்று. அதனால் விண்மீன்களின் ஆயங்கள் (வானில் இடத்தைக் குறிக்கும் எண்கள்) ஆண்டுக்கு ஏறத்தாழ 50 விகலை வரை மாறுகின்றன; 25 ஆண்டுகளில் அது 21 கலையாகிவிடும், அதாவது முழுநிலவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இதைத் திருத்தும் பொறுப்பு வரைபட மென்பொருளுக்கா, தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கா என்று முடிவு செய்யாவிட்டால், இரண்டும் திருத்திவிடும் அல்லது இரண்டும் விட்டுவிடும். விண்மீனைச் சற்று உயர்த்திக் காட்டும் வளிமண்டல ஒளிவிலகலிலும் இதே இடர் உண்டு. 45 பாகை உயரத்தில் சுமார் 1 கலையாகவும் தொடுவானத்தில் சுமார் 34 கலையாகவும் உள்ள அந்த விலகல் இருமுறை திருத்தப்பட்டால், உச்சிக்கருகே கச்சிதமாக நிற்கும் தொலைநோக்கி, தாழ்ந்த விண்மீன்களில் மட்டும் மேல்நோக்கி விலகி நிற்கும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் பிழை எஞ்சினால் அது இயந்திரத்தின் வடிவியலில் இருக்கிறது. இந்த ஆய்வின் அழகே இங்குதான் தொடங்குகிறது. துருவத்தை நோக்கும் ஓர் அச்சும் அதற்குச் செங்குத்தான இன்னோர் அச்சும் கொண்ட மவுண்டை எடுத்துக்கொள்வோம். முதல் அச்சைப் பூட்டிவிட்டு இரண்டாவதை மட்டும் சுழற்றினால், பிழையற்ற கருவியின் பார்வை துருவம் வழியே செல்லும் ஒரு பெருவட்டத்தை (வானத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் வட்டத்தை) வரையும். தொலைநோக்கியின் குழல் தன் அச்சுக்குச் சரியான செங்குத்தில் பொருத்தப்படாமல் சிறிது சாய்ந்திருந்தால், அது வரைவது அந்தப் பெருவட்டத்திலிருந்து எங்கும் ஒரே தொலைவில் செல்லும் ஒரு சிறுவட்டம். வானத்தில் அந்தத் தொலைவு மாறுவதில்லை. ஆனால் வானத்தின் தீர்க்கரேகைகளான வல ஏற்றக் கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால், வல ஏற்றத்தில் எழுதும்போது பிழை துருவத்தருகே பெருகிக்கொண்டே போகும். குழல் சரியாக இருந்து, இரண்டு அச்சுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லாவிட்டால், பார்வை வரைவது பெருவட்டமே. ஆனால் அது சாய்ந்த பெருவட்டம். வான நடுவரையில் பிழை சுழியாகி, அதைக் கடந்ததும் குறி மாறி, இருபுறமும் துருவத்தை நோக்கி வளரும். இரண்டு கோளாறுகளும் துருவத்தருகே ஒன்றுபோலவே தோன்றும். நடுவரைக்குச் சென்று அளந்தால்தான் இரண்டாவது மறைந்து, முதலாவது தனித்து நிற்கும்.

நடுவரையிலும் ஓர் ஐயம் எஞ்சும்: எஞ்சிய பிழை குழலின் சாய்வால் வந்ததா, அச்சின் சுழற்சிக் கோணத்தை அளக்கும் என்கோடரின் தொடக்கப் புள்ளி தவறியதால் வந்ததா? ஜெர்மானிய வகை மவுண்டில் குழலை அச்சின் மறுபுறத்துக்குத் திருப்பி அதே விண்மீனை மீண்டும் பார்த்தால், சாய்வால் வந்த பிழை குறி மாறும், தொடக்கப் புள்ளியின் பிழை மாறாது. இரண்டு அளவுகளின் வேறுபாட்டில் பாதி முன்னது, கூட்டுத்தொகையில் பாதி பின்னது. எந்தச் சிறப்புக் கருவியும் இல்லாமல், ஒரு திருப்பத்திலேயே இரண்டையும் பிரித்துவிட முடிவது எனக்கு என்றும் வியப்பளிப்பது.

துருவ அச்சின் தவறான அமைப்பும் இவ்வாறே தன்னைக் காட்டிக்கொடுக்கும். நடுவரை விலக்கத்தில் (வான நடுவரையிலிருந்து உள்ள கோணத் தொலைவில்) தெரியும் பிழை, வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே செல்லும் உச்சிவட்டத்தில் மிகுந்து, அங்கிருந்து கிழக்கிலும் மேற்கிலும் ஆறு மணிநேரத் தொலைவில் (90 பாகையில்) சுழியானால், அச்சின் உயரம் தவறு. உச்சிவட்டத்தில் சுழியாகி, இருபுறமும் எதிரெதிர்க் குறியுடன் வளர்ந்தால், திசை தவறு.

பேட்ரிக் வாலஸ் உருவாக்கிய டிபாயின்ட் மென்பொருள் இந்த வடிவங்களை ஒரு சமன்பாட்டின் உறுப்புகளாக வைத்து, அளந்த பிழைகளுடன் பொருத்தி, ஒவ்வோர் உறுப்பின் அளவையும் கணிக்கிறது. ஆகவே பிழையைக் கண்டவுடன், தொலைநோக்கி இப்போது பார்க்கும் இடமே இந்த விண்மீன் என்று மென்பொருளுக்குச் சொல்லும் 'சிங்க்' பொத்தானை அழுத்தும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அது அந்த இடத்துப் பிழையை மறைத்து, வானத்தின் மறுபக்கத்தில் புதிதாக ஒன்றை உண்டாக்குவதோடு, காரணத்தைச் சொல்லக்கூடிய சான்றையும் கலைத்துவிடுகிறது. அளந்த மூலத் தரவைத் திருத்தாமல் சேமிப்பதும், அதைப் படிக்கத் தெரிந்த பொறியாளரைத் தொடர்ந்து பணியில் வைத்திருப்பதும் ஒளியைச் சேர்க்கும் புதிய ஆடிக்கு ஒதுக்கும் நிதிக்கு இணையான முதலீடுகள் என்றே கருதுகிறேன். ஒளியை எவ்வளவு சேர்த்தாலும், தவறான இடத்திலிருந்து சேர்த்த ஒளியால் பயனில்லை.

உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் எஞ்சும் பிழை காகிதத்தில் குறைந்துகொண்டே வரும். அதை நம்பிவிடக் கூடாது. அளந்தவற்றில் சில விண்மீன்களைப் பொருத்தத்தில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்து, அவற்றிலும் பிழை குறைந்தால் மட்டுமே புதிய உறுப்பை ஏற்க வேண்டும். எந்த உறுப்பாலும் குறையாத பிழை எஞ்சினால், ஒரே விண்மீனுக்குக் கிழக்கிலிருந்து ஒருமுறையும் மேற்கிலிருந்து ஒருமுறையும் வந்து நிறுத்திப் பார்க்கலாம். இரண்டு நிலைகளும் ஒத்துப்போகாவிட்டால் பற்சக்கரத்தின் தளர்வோ ஆடியின் நழுவலோ காரணமாக இருக்கக்கூடும். அப்போது மென்பொருளை விட்டுவிட்டுத் திருகுகளையும் பற்சக்கரங்களையும் கவனிக்க வேண்டும்.