திரைப்பிடிப்பில் தெரியாத வழு

ஹட்டனில் இருந்தபடி, பாடசாலை நூலகங்களுக்கான சிறியதொரு திறந்த மூல மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். சென்ற மழைக்காலத்தில், தோட்டப் பாடசாலை ஒன்றின் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை ஒருவர், "தம்பி, பேரு கண்ணு முன்னால இருக்கு, தேடினா இல்லைங்குது" என்று குரல் பதிவொன்றும் ஒரு திரைப்பிடிப்பும் அனுப்பியிருந்தார். அந்தப் பெயரை என் கணினியில் சேர்த்துத் தேடிப் பார்த்தேன், கிடைத்தது. "இங்கே வழு தோன்றவில்லை" என்று எழுதி அறிக்கையை மூடிவிட்டேன்.

மூடியது தவறு. என்னிடம் தோன்றாத வழு அவரிடம் தோன்றுகிறதென்றால், எங்கள் இருவர் கணினிகளுக்கும் இடையில் ஏதோ வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டைத்தான் நான் தேடியிருக்க வேண்டும். அவர் மறுபடி எழுதியபோதே மென்பொருளின் பதிப்பு, இயங்குதளம், விசைப்பலகை, பெயர்ப்பட்டியல் எங்கிருந்து வந்தது என்பவற்றைக் கேட்டேன். அவர் மாலையில் தேயிலைத் தொழிற்சாலை வளைவுக்கு வந்தால்தான் அவருடைய தொலைபேசிக்கு இணைப்புக் கிடைக்கும். நாளுக்கொரு கேள்வியாகக் கேட்டால் ஒரு வாரம் ஓடிவிடும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே செய்தியில் கேட்டேன். இப்போது எல்லாப் பாவனையாளரிடமும் அப்படியே கேட்கிறேன்.

பெயர்ப்பட்டியல், ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்திய குறியேற்றம் கொண்ட பாமினி எழுத்துருவில் இருந்த பழைய கோப்பொன்றை ஒருங்குறிக்கு மாற்றிப் பெறப்பட்டது. தேடிய பெயரோ "ஸ்ரீ" என்று தொடங்குவது. ஒருங்குறியில் இந்த எழுத்தை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம். 2005இல் வெளியான ஒருங்குறி 4.1 பதிப்பில் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவத்தில் தெரியும். ஆனால் கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். "கொ" போன்ற எழுத்துகளையும் இருவகையாகக் குறியேற்றலாமெனினும், ஒருங்குறியின் இயல்பாக்க விதி அவற்றை ஒன்றாக்கிவிடும். "ஸ்ரீ"க்கு அந்த விதி உதவாது. மென்பொருளை எழுதுபவரே அதைக் கவனிக்க வேண்டும். என் சோதனையில் சேர்த்ததும் தேடியதும் ஒரே விசைப்பலகை என்பதால், வழு எனக்குத் தென்படவே வழியிருக்கவில்லை.

அறிக்கை என்றாலே திரைப்பிடிப்பைக் கேட்பது எங்கள் வழக்கம். இங்கு வழுவை மறைத்ததே அந்தப் படம்தான். அதனால், பட்டியலிலிருந்து நகலெடுத்த எழுத்துகளைப் படமாக்காமல் அப்படியே அனுப்பும்படி கேட்டேன். முழுக் கோப்பையும் அனுப்ப அவர் முன்வந்தார், வேண்டாமென்றேன். வழு அறிக்கைகள் சேரும் பட்டியலை யாரும் பார்க்கலாம். அதில் பிள்ளைகளின் பெயர்கள் கிடக்கக் கூடாது. "ஸ்ரீ"யை மட்டும் விட்டு மிகுதியை மாற்றிய இரண்டு வரிகளே போதுமாயிருந்தன. திருத்தம் பத்து வரிகளுக்குள் அடங்கியது. அந்த இரண்டு வரிகள், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்பு ஓடும் தானியங்கிச் சோதனையில் சேர்ந்துகொண்டன.

பிறகு, "தோன்றவில்லை" என்று நான் முன்பு மூடியவற்றைத் திறந்து பார்த்தேன். இரண்டு, இதே வழு. இருவருக்கும் எழுதினேன். ஒருவர் புதிய பதிப்பை நிறுவிக்கொண்டார். மற்றவர், பதிவேட்டுக் கொப்பிக்கே திரும்பிவிட்டதாகப் பதில் அனுப்பினார்.