அலைப்பலகையில் ஆட்டிசக் குழந்தை: கடலில் இறங்கும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

ஆட்டிசம் உள்ள குழந்தையைச் சர்ஃபிங் பலகையில் குப்புறப் படுக்கவைத்து அலையோடு தள்ளிவிடும் காணொளிகள் வாட்ஸப்பில் அடிக்கடி வருகின்றன. குழந்தை சிரிக்கிறது, கரையில் நிற்கும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பார்த்த கையோடு பெற்றோர் கேட்பது, "எங்க பையனுக்கும் இது சரிப்படுமா?" என்பதுதான். சரிப்படலாம். ஆனால் காணொளியில் தெரிவது கடைசி இருபது விநாடிதான். ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களைத் தானே செய்யக் குழந்தையைப் பழக்கும் சிகிச்சை) என்று சொல்லத் தகுந்த வேலையில் பெரும்பகுதி வீட்டிலும் கரை மணலிலும் நடக்கிறது.

கலிஃபோர்னியாவில் இஸ்ரேல் பாஸ்கோவிட்ஸ் என்ற அலைச்சறுக்கு வீரர், ஆட்டிசம் உள்ள தன் மகன் அலையில் அமைதியாவதைக் கண்டு 1990-களில் 'சர்ஃபர்ஸ் ஹீலிங்' முகாம்களைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் இப்படிப்பட்ட முகாம்கள் நடக்கின்றன. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவக் குடும்பத்து இளைஞர்களே சர்ஃபிங் கற்றுத்தருகிறார்கள், ஆகவே நமக்கும் இது எட்டாத விஷயமல்ல. ஆய்வுகளும் உண்டு, ஆனால் பெரும்பாலும் சில குழந்தைகளை மட்டும் வைத்துச் செய்யப்பட்டவை. "கடல் ஆட்டிசத்தைக் குணப்படுத்தும்" என்று யாராவது பேக்கேஜ் விலை சொன்னால், பர்ஸை மூடிக்கொண்டு திரும்பி வாருங்கள்.

பலகை என்ன செய்கிறது? குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கும்போது கழுத்து, முதுகு, தோள் தசைகள் ஒருசேர வேலை செய்கின்றன. அலை தள்ளும்போது நேர்கோட்டில் கூடும் வேகம் உள்காதின் சமநிலை உறுப்பைத் தூண்டுகிறது. தெரபி அறையில் சக்கரப் பலகையில் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்துத் தள்ளுவதும் இதே காரணத்துக்காகத்தான். கூடவே, இடுப்பளவு நீரின் அழுத்தமும் இறுக்கமான நீச்சல் சட்டையும் உடம்பு முழுக்கச் சீரான தொடு உணர்வைத் தருகின்றன. அழுத்தத்தைத் தேடும் குழந்தைகள் பலர் அதில் அடங்குகிறார்கள். ஈர மணலும் அலைச் சத்தமும் தாங்காத குழந்தைக்கோ அதே கடல் தண்டனை. அதனால் உங்கள் குழந்தையின் புலன் தேவைகளை அறிந்த தெரபிஸ்டிடம் பேசாமல் முகாமுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

மருத்துவரிடமும் சில கேள்விகள் உண்டு. ஆட்டிசம் உள்ளவர்களிடையே வலிப்பு மற்றவர்களைவிட அதிகம். வலிப்பு வந்ததுண்டு என்றால் மருத்துவரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் தண்ணீரில் இறக்கக் கூடாது. காதில் குழாய் வைத்திருந்தாலும், செவிப்பறையில் ஓட்டை இருந்தாலும் சொல்லுங்கள். கடும் எரிச்சலைத் தணிக்கத் தரப்படும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் உடல் வெப்பத்தைச் சமாளிக்கும் திறனைக் குறைக்கக்கூடும். அந்தக் குழந்தைகளுக்கு நிழலும் குடிநீரும் இரட்டிப்பாக வேண்டும்.

வீட்டுத் தயாரிப்புக்குக் குறைந்தது இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். முதலில் லைஃப் ஜாக்கெட். முதல் நாள் இரண்டு நிமிடம் போதும். மெல்ல இருபது நிமிடத்துக்குக் கொண்டுபோங்கள். பிறகு அதை நனைத்துப் போடுங்கள், ஏனென்றால் காய்ந்த ஜாக்கெட்டை ஏற்கும் குழந்தை ஈர ஜாக்கெட்டைக் கிழித்தெறியலாம். ஜாக்கெட்டின் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அளவு பெரிது. முன்பக்கம் தடித்த ஜாக்கெட் போட்ட குழந்தை குப்புறப் படுத்தால் ஒரு பக்கமாக உருண்டுவிடும், ஆகவே தரையில் படுக்கவைத்தும் சோதியுங்கள். அதோடு, பாயில் குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கி இருபது விநாடி அப்படியே இருக்கப் பழக்குங்கள். இது முடியாத குழந்தையின் தாடை முதல் அலையிலேயே பலகையில் இடிக்கும். குளிக்கும்போது முகத்தில் ஒரு கை தண்ணீர், பிறகு ஒரு குவளை. சன்ஸ்கிரீனின் பிசுபிசுப்பும் வாசனையும் பல குழந்தைகளுக்கு ஆகாது. கடற்கரையில் அதற்காகச் சண்டை போடாமல் வீட்டிலேயே பூசிவிட்டு, முழுக்கைச் சட்டை போட்டுக் கூட்டிவாருங்கள்.

படம் காட்டும் அட்டைகள் ஆறு போதும்: வண்டி, மணல், ஜாக்கெட், பலகை, அலை, துண்டு. கடைசி அட்டைதான் முக்கியம். எப்போது முடியும் என்று தெரியாததே பல குழந்தைகளின் பதற்றத்துக்குக் காரணம். பேசாத குழந்தைக்கு 'போதும்' என்பதற்கு ஒரு சைகையை, பலகையை இரண்டு முறை தட்டுவதுபோல, முன்கூட்டியே பழக்கிவிட வேண்டும்.

நேரம், காலை ஆறரையிலிருந்து எட்டரைக்குள். வெயில் ஏற ஏறக் கடற்காற்று எழுந்து நீர் கலைந்துவிடும், கூட்டமும் கூடிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னை, கோவளம் கரையில் தொடக்கநிலைக் குழந்தைகளுக்கு வேலை இல்லை. சொறி மீன் (ஜெல்லி மீன்) ஒதுங்கிக் கிடந்தாலோ, கரைவலை இழுத்துக்கொண்டிருந்தாலோ அன்றைக்குத் திரும்பிவிடலாம். ஆளைக் கடலுக்குள் இழுக்கும் இழுப்பு நீரோட்டம் எங்கே இருக்கிறது என்பதை ஊர் மீனவரிடம் கேட்பது எந்தச் செயலியையும்விட நம்பகமானது.

பலகை, மேற்பரப்பு மெத்தென்ற ஃபோம் ஆன ஒன்பதடிப் பலகை. பலகையின் அடியில் உள்ள துடுப்புகளும் வளைந்துகொடுக்கும் வகையாக இருக்கட்டும். உடைந்து கரையேறும் வெள்ளை நுரை அலை போதும், உயரம் குழந்தையின் இடுப்புக்குக் கீழே. ஒரு குழந்தைக்குத் தண்ணீரில் இருவர்: ஒருவர் வால்பக்கம் பிடித்துத் தள்ள, இன்னொருவர் கரைப்பக்கம் சற்று ஒதுங்கி நின்று ஏற்க. மூன்றாமவர் கரையில் நின்று கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். செல்போனில் படமெடுப்பவர் இந்தக் கணக்கில் சேர மாட்டார். விசில் வேண்டாம், கை சைகை போதும்.

தவறுகள் பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான் நடக்கின்றன. குழந்தை முன்னால் நகர்ந்து படுத்தால் பலகையின் மூக்கு நீரில் குத்தி, ஆள் தலைகுப்புற விழும். மிகவும் பின்னால் படுத்தால் அலை அடியில் நழுவிப்போய்விடும். பலகை அலைக்குக் குறுக்கே திரும்பினால் புரளும். எல்லாவற்றையும்விட ஆபத்து, அலைக்கும் குழந்தைக்கும் நடுவே பலகை வருவது. அலை அதைத் தூக்கி முகத்தில் அடிக்கும். நின்றுகொண்டிருக்கும் குழந்தையின் பக்கவாட்டில் பலகையை வைத்துக்கொள்ளுங்கள். காலில் கட்டும் லீஷ் கயிறு கணுக்காலில் உறுத்தினால், முழங்காலுக்குக் கீழே துணிமேல் கட்டலாம்.

எழுந்து நிற்பதில் பெற்றோருக்கு இருக்கும் ஆசை புரிகிறது; படம் நன்றாக வரும். சிகிச்சைக்கு அது அவசியமில்லை. தன் முறை வரும்வரை காத்திருப்பது, 'இன்னொரு அலை' என்று கேட்பது, விழுந்தபின் தானே பலகையைப் பிடிப்பது, இவற்றில் ஒன்றை மட்டும் அன்றைய இலக்காக எடுத்து எழுதிவையுங்கள். தண்ணீரில் பதினைந்து இருபது நிமிடம் போதும். காதைப் பொத்துதல், கையசைப்பு வேகமெடுத்தல், திடீரென்று சத்தம் அடங்கிப்போதல், உதடு நடுங்குதல் எல்லாமே நிறுத்தச் சொல்லும் அறிகுறிகள். அழுதாலும் தூக்கிக்கொண்டு போனால் அலை பழக்கிவிடும் என்பவர்கள் இருக்கிறார்கள். அதை ஏற்க முடியாது. முதல் நாள் கால் நனைத்ததோடு முடிந்தாலும் அது ஒரு வகுப்புதான்.

கடலில் கற்றது தானாக வகுப்பறைக்கு வந்துவிடாது. அலைக்குக் காத்திருக்க "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணினீர்களா? ஊஞ்சலுக்கும் பஸ்ஸுக்கும் அதே எண்ணிக்கையை வீட்டில் பயன்படுத்துங்கள், ஆசிரியரிடமும் சொல்லுங்கள்.

முகாம்கள் பெரும்பாலும் பேசாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குத் தண்ணீர்மேல் ஈர்ப்பு அதிகம், ஆபத்து உணர்வு குறைவு. வீட்டைவிட்டுத் தனியே கிளம்பிப் போய் நீரில் மூழ்குவது அவர்களின் இறப்புக்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. கடலை இன்பமாக்கும் நாம் அந்த ஈர்ப்பையும் கூட்டுகிறோம். ஆகவே முதல் வகுப்பிலிருந்தே ஈர மணலின் விளிம்பில் ஒரு கயிற்றைப் போட்டு, பெரியவர் கை நீட்டிய பிறகே அதைத் தாண்டுவது என்ற விதியை ஒவ்வொரு முறையும், விதிவிலக்கே இல்லாமல், கடைப்பிடிக்க வேண்டும். நீச்சல் வகுப்பைத் தனியாகத் தொடங்குங்கள். வீட்டு வாசலுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். அக்கம்பக்கத்தில் உள்ள கிணறு, குளம், தொட்டி எல்லாம் எங்கெங்கே என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைக் காணோம் என்றால் முதலில் ஓட வேண்டியது அங்கேதான்.