பிப்ரவரி 28 இரவு: வீடற்றவர்களை அரசு எப்படி எண்ணுகிறது, எண்ணிய பிறகு என்ன தருகிறது

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே, அரசு பொது மருத்துவமனையை ஒட்டி, இரவு பதினொரு மணிக்கு மேல் ஒருமுறை நடந்து பாருங்கள். மூடிய கடை ஷட்டருக்குக் கீழே அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு நாலைந்து பேர் படுத்திருப்பார்கள். கொஞ்சம் தள்ளி பாய், பிளாஸ்டிக் வாளி, சுடுதண்ணீர் ஃபிளாஸ்க் சகிதம் ஒரு குடும்பம். உள்ளே வார்டில் யாரோ படுத்திருக்க, இவர்கள் விழுப்புரம் பக்கமிருந்து துணைக்கு வந்தவர்கள். இன்னும் தள்ளி ஒரு அம்மா, படுக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பார், பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி. கேட்டால் "பஸ்ஸுக்கு உக்காந்திருக்கேன்" என்பார். அவர் சொல்லும் ஊருக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது.

இவர்களில் யார் வீடற்றவர்? பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான். அரசுக் கணக்கில் அட்டைப்பெட்டிக்காரர்கள் வருவார்கள். மருத்துவமனைக் குடும்பம் வராது, அவர்களுக்கு ஊரில் வீடு இருக்கிறது. அந்த அம்மா வருவாரா என்பது அன்றைக்கு எண்ண வந்தவரின் கண்ணைப் பொறுத்தது. காப்பகத்துக்கு இடம் கேட்டாலும் பணம் கேட்டாலும் "எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எனவே கணக்கை முதலில் பார்ப்போம், அப்புறம் திட்டம்.

ஒரே ஓர் இரவு

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறைப்படி, எந்தக் கட்டடத்திலும் வசிக்காமல் திறந்த வெளியில் இருப்பவர்களே வீடற்ற குடும்பத்தினர். சாலையோரம், நடைபாதை, பெரிய சிமென்ட் குழாய், மேம்பாலத்தடி, மாடிப்படியடி, கோயில் மண்டபம், ரயில் நிலைய நடைமேடை என்று இடங்களையும் அது வரிசையாகச் சொல்கிறது.

கணக்கெடுப்பு இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டம் வீட்டுப் பட்டியல். கூரை ஓடா காங்கிரீட்டா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை உண்டா என்றெல்லாம் கேட்பது அப்போதுதான். வீடே இல்லாதவருக்கு அந்தப் பட்டியலில் ஒரு வரி கூடக் கிடையாது. அவர் எங்கே குளிக்கிறார், கட்டணக் கழிப்பறைக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை காசு கொடுக்கிறார் என்பது நாட்டின் மிகப் பெரிய கணக்கெடுப்பில் பதிவாவதே இல்லை. இரண்டாவது கட்டமான ஆள் எண்ணிக்கையில்தான் அவர் வருகிறார், அதுவும் ஒரே இரவில். 2011-ல் அந்த இரவு பிப்ரவரி 28.

ஒரே இரவில் எண்ணுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. இன்றைக்குப் பாரிமுனையில் படுப்பவர் நாளை எழும்பூரில் படுக்கலாம். பல நாள் எண்ணினால் ஒரே ஆள் இரண்டு பக்கமும் விழுந்துவிடுவார். அதனால் எண்ணுபவர், தன் பகுதியில் ஆட்கள் எங்கெங்கே படுக்கிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அவர் பகலில் வேறு வேலை பார்க்கும் ஓர் ஆசிரியராக இருப்பார். அவர் குறிக்காமல் விட்ட சந்து எதுவோ, அங்கே படுத்தவர்கள் பத்து வருஷத்துக்குக் கணக்கில் இல்லை. அடுத்தது பத்து வருஷத்திலும் வரவில்லை, 2021 கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டது. இப்போது அறிவித்திருக்கும் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவுதான் குறிப்பு நேரம்.

எண்களைப் பிரித்துப் பார்த்தால்

2011-ல் நாடு முழுவதும் கிடைத்த எண் 17.7 லட்சம். 2001-ல் அது 19.4 லட்சம். பரவாயில்லை, குறைந்திருக்கிறது என்று தோன்றும். கிராமம் தனி, நகரம் தனி என்று பிரித்தால் கதை வேறு. கிராமப்புறத்தில் 11.6 லட்சம் 8.3 லட்சமாக இறங்கியது. நகரங்களில் 7.8 லட்சம் 9.4 லட்சமாக ஏறியது. தமிழ்நாட்டில் சுமார் 51,000 பேர், அதில் சென்னை மாவட்டத்தில் மட்டும் 16,000-க்கு மேல்.

இன்னொரு எண் எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுகிறது. அந்த 17.7 லட்சம் பேரும் சேர்ந்து சுமார் நாலரை லட்சம் குடும்பங்கள். வகுத்தால் குடும்பத்துக்கு நான்கு பேர். வீடற்றவர் என்றதும் தாடி வளர்த்து, கந்தல் கட்டி, தனியாகச் சுற்றும் ஒரு ஆண்தான் நம் மனதில் வருகிறார். கணக்கு காட்டுவது அடுப்பும் தொட்டிலும் உள்ள குடும்பங்களை. வடசென்னையில் ஜார்ஜ் டவுன், வால்டாக்ஸ் சாலைப் பக்கம் போனால் புரியும். பாட்டி பிறந்த அதே நடைபாதையில் பேத்தியும் பிறந்திருப்பாள். சுவரில் அடித்த ஆணியில் பள்ளிக்கூடப் பை தொங்கும், தார்ப்பாய் பகலில் மடித்து மூலைக்குப் போகும். சந்தையில் மூட்டை தூக்குவது, பூ கட்டுவது, வீட்டு வேலை என்று எல்லாருக்கும் ஒரு வேலை இருக்கும். இல்லாதது வாடகைக்கு முன்பணம்.

இப்படிப்பட்ட குடும்பங்களில் சிலருக்குப் பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் வீடு கிடைத்ததும் உண்டு. சிலர் திரும்பி வந்துவிடுவார்கள். "வீடு கொடுத்தும் இருக்க மாட்டேங்கிறாங்க" என்று ஒரு பேச்சு உடனே எழும். விடிகாலை மூன்று மணிக்குச் சந்தையில் நிற்க வேண்டியவர் இருபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து எந்த பஸ்ஸில் வருவார் என்று அந்தப் பேச்சில் யாரும் கேட்பதில்லை.

பெண்கள் விஷயத்துக்கு வருவோம். 2011 கணக்கில் வீடற்றவர்களில் ஆயிரம் ஆண்களுக்குச் சுமார் 700 பெண்கள். நிஜத்திலும் குறைவாக இருக்கலாம். ஆனால் தெருவில் தனியாக இருக்கும் பெண், தூங்குகிற மாதிரி தெரிந்தாலே ஆபத்து என்று நினைத்து ஒளிகிறார், உட்கார்ந்தே விழிக்கிறார், ரயில் நிலையத்தில் பயணி போல இருக்கிறார். படுத்திருப்பவர்களை எண்ணும் முறையில் அவர் எளிதாக நழுவிப் போவார். வீட்டை விட்டு ஓடிவந்து நடைமேடையில் இருக்கும் பிள்ளைகளுக்கும், குடும்பம் ஒதுக்கிய திருநங்கைகளுக்கும் இதேதான். முறை மாறினால் எண் எவ்வளவு மாறும் என்பதற்கு டெல்லியைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 46,700 பேர். மூன்று வருஷம் கழித்து நகரின் காப்பக வாரியம் எடுத்த கணக்கில் 16,700 சொச்சம். இடையில் முப்பதாயிரம் பேருக்கு வீடு கிடைத்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

வெளிநாட்டு எண்களோடு ஒப்பிட்டு வரும் வாட்ஸ்அப் செய்திகளையும் பார்த்து நம்புங்கள். அமெரிக்காவில் ஜனவரியில் ஓர் இரவு எண்ணும்போது காப்பகத்துக்குள் தூங்குபவர்களையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள். 2024-ல் வந்த 7.7 லட்சம் அப்படி வந்தது. நம் வரையறையில் கூரைக்குக் கீழே போனவர் அந்தப் பட்டியலை விட்டு வெளியே போய்விடுவார்.

காப்பகத் திட்டம்

2009 டிசம்பர் குளிரில் டெல்லி பூசா சாலையில் இருந்த ஒரு தற்காலிக இரவுக் காப்பகம் இடிக்கப்பட்டது. உணவு உரிமை வழக்கு அப்போது உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது, விஷயம் அங்கே போனது. 2010-ல் நீதிமன்றம் நகரங்களுக்கெல்லாம் ஓர் அளவுகோல் வைத்தது: ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது ஒரு காப்பகம், அது 24 மணி நேரமும் வருஷம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் 'நகர்ப்புற வீடற்றோருக்கான காப்பகம்' என்ற பிரிவு வந்தது. நம் ஊர்களில் மாநகராட்சி, நகராட்சி பெயர்ப்பலகையோடு இருக்கும் வீடற்றோர் காப்பகங்களுக்கு அடிப்படை இதுதான். இயக்கத்தின் காலம் 2024 செப்டம்பரோடு முடிந்தாலும் காப்பகம் நடத்தும் பொறுப்பு உள்ளாட்சியிடமே இருக்கிறது.

வழிகாட்டு விதிகளில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் இடம் வேண்டும். ஒரு காப்பகத்தில் பொதுவாக 50 முதல் 100 பேர், ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி. குடிநீர், கழிப்பறை, குளியலறை, விளக்கு, தீயணைப்பு ஏற்பாடு, முதலுதவிப் பெட்டி, கொசுத் தடுப்பு, சமைக்க இடம், பொருள் வைக்கப் பூட்டும் பெட்டி. கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தெருவில் இருப்பவர் வேலைக்குப் போகும்போது துணிமூட்டையையும் ஆதார் அட்டையையும் யாரிடம் விட்டுப்போவது என்பது தினசரிப் பிரச்சினை. பெண்களுக்கும் அவர்களின் சிறு பிள்ளைகளுக்கும் தனிக் காப்பகம், குடும்பங்களுக்குத் தனி, முதியோருக்கும் நோயாளிகளுக்கும் தனி என்று பிரிக்கவும் விதி இடம் தருகிறது.

சம்பாதிப்பவரிடம் அவர் வருமானத்தில் இருபதில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை கட்டணம் வாங்கலாம். மாதம் பத்தாயிரம் சம்பாதித்தால் 500 முதல் 1,000 ரூபாய். வருமானம் இல்லாதவரை இதைக் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது.

இந்த அளவுகோலில் ஒரு வேடிக்கை உண்டு. இடம் ஒதுக்குவது ஊரின் மொத்த மக்கள்தொகையை வைத்து, வீடற்றவர் எண்ணிக்கையை வைத்து அல்ல. விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியில் 2011-ல் சுமார் 67 லட்சம் பேர். விதிப்படி 6,700 பேருக்கு இடம். அதே வருஷம் பழைய சென்னை எல்லைக்குள்ளேயே வெளியில் படுத்தவர்கள் 16,000-க்கு மேல். அளவுகோலை முழுதாக நிறைவேற்றினாலும் பாதிக்கு மேல் வெளியேதான். நிறைவேற்றுவதிலும் சுணக்கம். 2016-ல் உச்ச நீதிமன்றம் அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையிலான குழு நாடெங்கும் பார்த்துவிட்டுத் தந்த அறிக்கையில், நகரங்களில் வீடற்ற பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் காப்பக இடம் இல்லை என்றது.

சென்னை ஒரு விஷயத்தை நன்றாகச் செய்திருக்கிறது. முதலில் சொன்ன விழுப்புரம் குடும்பம் எந்த வரையறையிலும் வராது என்றாலும், அவர்களைப் போன்றவர்களுக்காக அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளியின் உடனாளர்களுக்கு மாநகராட்சி காப்பகம் நடத்துகிறது. பலருக்கு இது தெரியாது. வார்டில் ஆள் சேர்க்கும்போதே செவிலியரிடமோ காவலாளியிடமோ கேட்டுவிடுங்கள்.

தெருவில் ஒருவரைப் பார்த்தால்

சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லலாம். குழந்தை என்றால் 1098, பெண் என்றால் 181, முதியவர் என்றால் 14567. அவரிடம் கேட்காமல் அழைக்காதீர்கள். காப்பகத்துக்குப் போவது அவர் விருப்பம், யாரையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் அடைக்க இந்தத் திட்டத்தில் இடமில்லை.

மனநலம் பாதித்து, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலைபவர் என்றால் சட்டம் வேறு. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவுப்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோவது காவல்துறையின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் அந்த நிலையத்தின் வேலைதான். "எங்க லிமிட் இல்ல" என்று பதில் வந்தால் பிரிவு எண்ணைச் சொல்லிப் பாருங்கள். அதே சட்டத்தில், வீடற்றவருக்கு அரசு நிலையங்களில் மனநலச் சிகிச்சை இலவசம் என்றும் இருக்கிறது.

முகவரி என்ற பூட்டு

மற்ற எல்லா உதவியும் இங்கே வந்துதான் முட்டுகிறது. ரேஷன் அட்டை இல்லாமல் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் கிடையாது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் கிடையாது. ரேஷன் அட்டைக்கு ஆதார் வேண்டும், ஆதாருக்கு முகவரி வேண்டும். இந்தச் சங்கிலியை அவிழ்க்க ஒரு வழி காப்பகம்தான். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் ஆதார் ஆணையத்தின் படிவத்தில் தரும் சான்றை முகவரிச் சான்றாக ஏற்பார்கள். காப்பகத்தில் பெயர் பதிந்துகொண்டதும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

வாக்காளர் அட்டைக்குக் காப்பகமும் தேவையில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ல், அவர் வழக்கமாகப் படுக்கும் இடத்தை எழுதினால் போதும். முகவரிச் சான்று கேட்கக் கூடாது என்று தேர்தல் ஆணைய விதியே சொல்கிறது. அதற்குப் பதிலாக வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில், ஒரு நாளைக்கு மேல் அங்கே போய், அவர் அந்த இடத்தில்தான் தூங்குகிறாரா என்று பார்த்து உறுதிசெய்ய வேண்டும். எந்த நடைபாதை, எந்தக் கடைக்கு எதிரே, மேம்பாலத்தின் எத்தனையாவது தூண் என்று எழுதுவது நல்லது. அலுவலர் வரக்கூடிய நாட்களில் அந்த இடத்தை விட்டு மாறிப் படுக்க வேண்டாம் என்றும் விண்ணப்பிப்பவரிடம் சொல்லிவையுங்கள்.