சர்க்கரைக்குக் குரோமியம் மாத்திரை வாங்குமுன்

ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் குரோமியம் என்றாலே டேனரிக் கழிவுதான் நினைவுக்கு வரும். அதே பெயரைச் சர்க்கரைக்கான சத்து மாத்திரை அட்டையில் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. ராணிப்பேட்டையில் நிலத்தடி நீரைக் கெடுத்தது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், புற்றுநோய் தரும் நஞ்சு. மாத்திரையில் உள்ளது மூன்று இணைதிறன் கொண்ட வேறு வகை, அந்த நஞ்சு அல்ல. பயம் வேண்டாம், காசையும் வீணாக்க வேண்டாம். 1970களில், ரத்தக்குழாய் வழியாகவே நெடுநாள் ஊட்டம் பெற்றவர்களுக்கு ஏறிய சர்க்கரை, குரோமியம் சேர்த்ததும் இறங்கியது. குரோமியம் சர்க்கரையைக் குறைக்கும் என்ற பேச்சு அதிலிருந்துதான் கிளம்பியது. வாயால் சாப்பிடுகிறவருக்குக் குரோமியக் குறை வருவது அபூர்வம்.

கவனிக்க வேண்டியது துத்தநாகத்தை. கணையம் ஆறு இன்சுலின் மூலக்கூறுகளை இரண்டு துத்தநாக அயனிகளைச் சுற்றிக் கட்டித்தான் சேமிக்கிறது. கேழ்வரகில் துத்தநாகம் உண்டு, ஆனால் கேழ்வரகிலுள்ள ஃபைடேட் என்ற பொருள் அதைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சரியாகச் சேரவிடாது. இதற்கு நம் ஊர்க் கூழிலேயே வழி இருக்கிறது. மாவை முதல்நாள் இரவே கரைத்துப் புளிக்கவிட்டு, மறுநாள் நொய் வெந்ததும் ஊற்றிக் கிளறுவார்கள். அந்தப் புளிப்பில் தானியத்தின் நொதி விழித்துக்கொண்டு ஃபைடேட்டை உடைக்கும். அவசரத்துக்குப் பச்சை மாவைக் கொதிநீரில் கொட்டினால் நொதி வேலை செய்யுமுன்பே வெந்துபோகும்.

கூழ் சர்க்கரையை ஏற்றாது என்று மட்டும் நம்பாதீர்கள். குழைந்த மாவு சீக்கிரம் செரிக்கும். ஒரு டம்ளர் போதும், கூடவே ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டலும் கீரையும் இருக்கட்டும். தொட்டுக்கொள்ளக் கருவாடு என்றால் பிரஷர்காரர்கள் உப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

துத்தநாக மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறீர்களா? அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஜிங்க் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 220 மி.கி. என்றால் அதில் துத்தநாகம் சுமார் 50 மி.கி. தினமும் 40 மி.கி.க்கு மேல் நெடுநாள் போனால் தாமிரம் குறையும், ரத்தசோகையும் கால் மரத்துப்போதலும் வரும். அந்த மரத்துப்போதலைச் சர்க்கரையின் தலையில் கட்டிவிடுவது எளிது.

இரும்புச்சத்துக் குறைபாடும் சர்க்கரைக் கணக்கைக் குழப்பும். அதனால் ரத்தசோகை இருந்தால், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை, உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். மருந்தைக் கூட்டுமுன் ஹீமோகுளோபினையும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இரும்பு மாத்திரையை நான்கு மணி நேரம் தள்ளிப் போடவும். சிறுநீரகம் தளர்ந்தவர்கள் மக்னீசியம் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. வெளியேற வேண்டிய மக்னீசியம் ரத்தத்திலேயே தேங்கி, நாடித்துடிப்பு குறையும்.